ஒட்டுவிசையில் பிஎச்.டி.: சேருமுன் விசாரிக்க வேண்டியவை

ஐயா, எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கும் மகள் ‘ஆக்சைடு மேற்பரப்பின் ஒட்டுவிசை’யில் ஆய்வு செய்யப்போகிறேன் என்றதும், பசை கம்பெனி வேலையோ என்று பயந்திருக்கிறீர்கள். அப்படியில்லை. சாதாரண வெப்பத்தில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத வனேடியம் டை ஆக்சைடு, சுமார் 68 டிகிரி செல்சியஸில் உலோகம்போல் கடத்தத் தொடங்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மோரின் என்ற விஞ்ஞானி 1959இல் வெளியிட்ட விஷயம் இது. அந்த மாற்றத்தில் மேற்பரப்பின் பிடிமானமும் மாறுமா என்பதுதான் கேள்வி. நுண்பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுபோகும் மெம்ஸ் (நுண்ணிய அசையும் பாகங்கள் கொண்ட) சில்லுகளுக்கு இதன் விடை தேவை.

வேலை பொறுமையைச் சோதிக்கும். ஏ.எஃப்.எம். (அணுவிசை நுண்ணோக்கி) கருவியின் நுனியை வனேடியம் டை ஆக்சைடு மென்படலத்தில் தொடவைத்து, பிரியும்போது எத்தனை நானோநியூட்டன் (நியூட்டனில் நூறு கோடியில் ஒரு பங்கு) இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். 30 டிகிரியிலிருந்து 85க்குச் சூடேற்றினால் விசை குறையும். உடனே கட்டுரை எழுத உட்காரக்கூடாது. பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்த ஈரம் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். உலர்ந்த நைட்ரஜனில், இந்த மாற்றமே இல்லாத வெறும் சஃபையர் (நீலக்கல் வகைப் படிகம்) தட்டிலும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். நிஜமான மாற்றமென்றால் 68ஐ ஒட்டித் திடீரென வரும்; குளிரும்போது சில டிகிரி கீழே திரும்பும்; சஃபையரில் தலைகாட்டாது. நுனி மழுங்கினாலும் எண் மாறும் என்பதால், கடைசியில் மறுபடி 30 டிகிரியில் அளந்து ஒப்பிட வேண்டும். நுனியைத் தாங்கும், தங்கம் பூசிய மெல்லிய பட்டை (கான்டிலீவர்) சூட்டில் தானாகவே வளையும், அது தனித் தலைவலி.

ஆகவே வழிகாட்டியிடம் மகள் கேட்க வேண்டியது: ஏ.எஃப்.எம்.மில் சூடேற்றும் மேடையும் மூடிய அறையும் உண்டா? மாற்றம் நடந்ததை உறுதிசெய்ய, அதே படலத்தின் மின்தடையைக் கூடவே அளக்க முடியுமா? படலத்தை யார் தயாரிக்கிறார்கள்? தயாரிக்கும்போது ஆக்சிஜன் அழுத்தம் சற்றுப் பிசகினாலும் வேறு வனேடியம் ஆக்சைடு உருவாகிவிடும். மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. கேட், ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுகள் வழியாகவும் சேரலாம். பிறகு வேலை கொடுப்பவர்கள் தலைப்பைவிட, வெற்றிடக் கருவி, மெல்படலம், ஏ.எஃப்.எம். தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

முடிவெடுக்குமுன், அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஆய்வகத்தில் உட்கார்ந்தால் இந்த வேலை ஒத்துவருமா என்று மகளுக்கே தெரிந்துவிடும்.