மக்காத பையும் மக்கான நானும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: சமையலறைக் கழிவை ஆறே மணி நேரத்தில் உரமாக்கித் தருகிறதாம் ஒரு மின் இயந்திரம். எங்கள் தோட்டம் சின்னது. வாங்கலாமா அக்கா?

பதில்: அது உரமாக்காது. சூடு பண்ணி ஈரத்தை இழுத்து, அரைத்துத் தூளாக்கும், அவ்வளவுதான். மக்குவது என்பது நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் தின்று செரிக்கிற வேலை, பிளக்கில் சொருகி அதை அவசரப்படுத்த முடியாது. இது தெரியாமல் நானும் ஒன்று வாங்கினேன். மரத்தூள் மாதிரி பொடி வந்தது, வாசனைகூடப் பரவாயில்லை. செடித் தொட்டியில் இரண்டு கை போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாள் மேலே பஞ்சு விரித்த மாதிரி வெள்ளைப் பூஞ்சை, கிளறினால் புளித்த நாற்றம், சுற்றிலும் பொடிப் பூச்சிகள். காய்ந்த தோலும் காம்பும் தண்ணீர் பட்டதும் மறுபடி குப்பையாகிவிட்டன. குப்பையின் அளவு குறைந்தால் போதும், தூளை அப்புறம் கம்போஸ்ட் தொட்டியில்தான் போடுவேன் என்கிறீர்களா, வாங்குங்கள். ஆனால் கம்போஸ்ட் தொட்டி வைத்திருப்பவருக்கு இயந்திரம் எதற்கு?

கேள்வி: கம்போஸ்ட் வேகமாக மக்க, நுண்ணுயிர் பவுடர் எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். பழைய கம்போஸ்ட் ஒரு கை அள்ளிப் போடுங்கள், காய்ந்த இலையைத் தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: நன்கு மக்கிய எரு என்று சொல்லி ஒரு லோடு மாட்டெரு இறக்கினார்கள். மூன்று வாரத்தில் தக்காளியும் பீன்ஸும் நுனி சுருண்டு, இலை கரண்டி மாதிரி குவிந்து, அப்படியே நிற்கின்றன. பக்கத்துப் பாத்தியில் எரு போடாத செடிகள் நன்றாக இருக்கின்றன. விற்றவரைக் கேட்டால், தண்ணீர் விடத் தெரியாமல் எருவின் மேல் பழி போடாதீர்கள் என்கிறார். தப்பு என்னுடையதா?

பதில்: எரு போடாத பாத்தி நன்றாக இருக்கிறது என்று நீங்கள் கவனித்ததே பாதிப் பதில். தண்ணீர் அதிகமானால் இலை மஞ்சளாகும், வாடும். கரண்டி மாதிரி குவிந்து முறுக்கிக்கொண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது களைக்கொல்லியை. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கிற அமினோபைரலிட், குளோபைரலிட் வகை மருந்துகள் புல்லை ஒன்றும் செய்வதில்லை. மாடு அந்தப் புல்லைத் தின்கிறது, மாட்டுக்கும் ஒன்றும் ஆவதில்லை, மருந்து பெருமளவு சிதையாமல் சாணத்தோடு வெளியே வந்து எருக்குவியலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்காக வாங்கியவரைக் குற்றம் சொல்வது அயோக்கியத்தனம்.

மூன்று தொட்டிகளில் எருவும் மண்ணும் கலந்தும், மூன்றில் எரு இல்லாத மண்ணை மட்டும் நிரப்பியும் பீன்ஸ் விதை போடுங்கள். ஒரே இடம், ஒரே தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் எருத் தொட்டியில் மட்டும் இலை முறுக்கினால் சந்தேகம் உறுதி. தேதியோடு படம் எடுங்கள், பில்லை எடுத்து வையுங்கள், ஒரு பை எருவைக் கட்டித் தனியே வையுங்கள். மிச்ச எருவை யாருக்கும் தானம் செய்துவிடாதீர்கள். அந்தப் பாத்தியில் இந்த வருஷம் மக்காச்சோளம் மாதிரி புல்லினப் பயிர் போடலாம், அதை இந்த மருந்து அவ்வளவாகத் தொடாது. மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல அதைச் சிதைத்துவிடும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: 1000 லிட்டர் மழைநீர் டேங்க் தள்ளுபடியில் கிடைத்தது. இப்போது பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே போகவில்லை. கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். மொட்டை மாடியில் ஏற்றிவிடலாமா?

பதில்: டேங்க் வாங்கும் முன் ஓர் அளவு டேப் வாங்கியிருக்கலாம். சந்து நேற்று முளைத்ததா? சேதமில்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுத்தால் அதில் கடைக்காரர் உங்களை எங்கே ஏமாற்றினார்?

மாடி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நிரம்பினால் 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லாமல் ஏற்றக்கூடாது. அளவு தெரியாமல் வாங்கப்போகிற மற்றவர்களுக்கு: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரை, 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1000 லிட்டர், அதில் கொஞ்சம் சிந்தும், முதல் தண்ணீர் கூரை அழுக்கோடு வெளியே போக வேண்டும். வெளிச்சம் ஊடுருவாத நிறமாக எடுங்கள், இல்லையென்றால் பாசி. வாயை வலையால் மூடுங்கள், இல்லையென்றால் கொசு.

கேள்வி: மக்கும் பை என்று அச்சிட்ட குப்பைப் பைகளையே ஒரு வருஷமாக வாங்குகிறேன், விலை அதிகம். கம்போஸ்ட் தொட்டியில் போட்டதெல்லாம் அப்படியே கிடக்கிறது. நான் ஏதும் தவறு செய்கிறேனா?

பதில்: உட்காருங்கள், இது கொஞ்சம் நீளும்.

மக்கும் என்று மட்டும் எழுதினால் அது ஒன்றுமே சொல்லாத சொல். தேக்குக் கட்டிலும் மக்கும். எங்கே, எவ்வளவு நாளில், எந்தச் சூட்டில் என்று சொன்னால்தான் அதற்கு அர்த்தம். பையில் ஈஎன் 13432 என்ற எண் இருந்தால், அது தொழிற்சாலைக் கம்போஸ்ட் கூடத்துக்கான ஐரோப்பியத் தரம். அந்தச் சோதனையில் பொருளை 58 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்து, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைகிறதா என்று பார்க்கிறார்கள். கொல்லையில் இருக்கிற நம் தொட்டி அந்தச் சூட்டை எட்டுவதே அபூர்வம், எட்டினாலும் சில நாள்தான் தாங்கும். வீட்டுத் தொட்டிக்கென்றே ‘ஓகே கம்போஸ்ட் ஹோம்’ என்று தனிச் சான்று இருக்கிறது, சாதாரண வெப்பத்தில் 12 மாதத்துக்குள் மக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. முன்னதை வாங்கிப் பின்னதை எதிர்பார்க்கிறோம். அந்த வித்தியாசத்தை விற்பவர் பொடி எழுத்தில் போடுகிறார், பச்சை இலைப் படத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் போடுகிறார்.

இவர்களாவது பரவாயில்லை. சாதாரண பிளாஸ்டிக்கில் ஏதோ கலந்து, வெயிலில் பொடிப்பொடியாக உதிரும்படி செய்து அதையும் மக்கும் கணக்கில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உதிர்ந்தால் மக்கியதாகிவிடுமா? முழுப் பையாக இருந்தால் பொறுக்கியாவது எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைப் பொருட்களை 2021-இல் தடை செய்தது.

என் கதையையும் கேளுங்கள். ஒரு பையை நானே தோட்டத்து மூலையில் புதைத்து, இடம் தெரிய ஒரு கல்லும் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்துத் தோண்டினால், மண்ணை உதறியதும் அச்சிட்ட இலைப் படம்கூட அழியாமல் பளிச்சென்று இருந்தது. புதைத்ததில் பை மக்கவில்லை, வாங்கிய நான்தான் மக்கு.

நீங்கள் தவறு ஏதும் செய்யவில்லை. உங்கள் ஊரில் தொழிற்சாலைக் கம்போஸ்ட் கூடத்துக்குக் குப்பை போனால், இந்தப் பையை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், எல்லாக் கூடமும் எடுப்பதில்லை. இல்லையென்றால் மூடி போட்ட ஒரு வாளி போதும், கழுவிக் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: உயரப் பாத்தி செய்ய, சரக்கு அடுக்கும் பழைய மரப் பலகைத் தட்டுகள் (பேலட்) வாங்கலாமா?

பதில்: முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதப்படுத்தியது, வேண்டாம். முத்திரையே இல்லாததும் எண்ணெய்க் கறை உள்ளதும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: போன வருஷம் வாங்கிய தக்காளி விதையில் பிரமாதமான காய். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் இந்த வருஷம் கலவையாக, சின்னதும் பெரியதுமாக வருகிறது. போலி விதையா?

பதில்: பாக்கெட்டைத் தேடி எடுத்து எஃப்1 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கலப்பின விதை, அடுத்த தலைமுறை அப்படித்தான் சிதறும், யாரும் ஏமாற்றவில்லை. விதை சேமிக்க வேண்டுமென்றால், தாய்ச் செடி மாதிரியே விளைகிற திறந்த மகரந்தச் சேர்க்கை ரகமாகக் கேட்டு வாங்குங்கள். தக்காளி, பீன்ஸில் தொடங்குவது சுலபம், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. பூசணிக்குத் தேனீ எந்தத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: கழிவு இயந்திரம் ஒன்று சும்மா கிடக்கிறது என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள் அக்கா. பாதி விலைக்குத் தருவீர்களா?

பதில்: மாட்டேன். அதன் மேல் ஒரு செடித் தொட்டி வைத்திருக்கிறேன், உயரம் சரியாக இருக்கிறது. தவிர, உங்களுக்கு விற்றால் அடுத்த மாதம் என்னைப் பற்றியே எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.