யானை மட்டும் இல்லை

கேள்வி: அப்பா காலமான பிறகு கும்பகோணம் வீட்டைக் காலி செய்தபோது பரண்மேல் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் பினாகா பற்பசை அட்டைப்பெட்டிக்குள் இலவசமாக வந்த குட்டி பிளாஸ்டிக் மிருகங்கள் அதில் இருந்தன. மொத்தம் 17 வகை. ஒட்டகச்சிவிங்கி மட்டும் நான்கு. யானை இல்லை. நானும் அண்ணனும் இரண்டு தங்கைகளும் அந்த யானைக்காக ஏங்கியதை மறக்க முடியவில்லை. இணையத்தில் ஒருவர் யானைக்கு 2,500 ரூபாய் கேட்கிறார். “பென்ஷன் பணத்தில் பிளாஸ்டிக் வாங்கப் போகிறீர்களா?” என்கிறாள் மனைவி. யானையும் சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒன்றரை வயதுப் பேத்திக்குக் கொடுத்துவிடலாம் என்றும் நினைக்கிறேன். வாங்கலாமா? இந்த வயதில் இது அசட்டுத்தனமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, முதலில் பேத்தி விஷயத்தை முடித்துவிடுவோம். கூடவே கூடாது. சுண்டுவிரல் அளவுப் பொம்மையைக் கையில் கொடுத்தால் ஒன்றரை வயதுக் குழந்தை அதை வாய்க்குத்தான் கொண்டுபோகும். தொண்டையில் சிக்கிக்கொண்டால் நினைவுப் பொருள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் என்ன சாயம் கலந்தார்கள் என்பதும் யோசிக்க வேண்டிய சங்கதி. பழைய சாயங்கள் சிலவற்றில் ஈயம், காட்மியம் எல்லாம் உண்டு. பேத்தி வளர்ந்து பள்ளிக்கூடம் போகட்டும், அப்போது பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போனால் மனம் வருந்தாதீர்கள். உங்கள் ஏக்கம் அவளுக்கு எதற்கு?

டின்னைத் திறந்து உட்காருவது அசட்டுத்தனமா என்றால், நிச்சயமாக இல்லை. பாதி ஊர் பல்பொடியிலும் சாம்பலிலும் வேப்பங்குச்சியிலும் பல் தேய்த்த காலத்தில் வீட்டுக்குப் பற்பசை வருவதே ஒரு சமாசாரம். அதிலும் பினாகா என்றால் தனி மவுசு. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் குரலில் ‘பினாகா கீத்மாலா’ வரும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத வீடுகளிலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டார்கள். மாதச் சாமான் வந்ததும் அப்பாவுக்குத் தெரியாமல் பற்பசைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்து, டியூபை வெளியே உருவிப் போட்டுவிட்டு உள்ளே விரல்விட்டுத் துழாவிய தலைமுறை உங்களுடையது. பழைய டியூப் தீரும் முன்பே புதியதைப் பிரித்ததற்கு முதுகில் இரண்டு விழுந்திருக்கும். பற்பசையை யார் விரும்பினார்கள்?

இந்த வித்தைக்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்காவில் 1909-லேயே கெல்லாக்ஸ் நிறுவனத்தார் கார்ன் ஃப்ளேக்ஸ் இரண்டு பாக்கெட் வாங்குகிறவர்களுக்குக் கடையிலேயே ஒரு படப் புத்தகம் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் பட்டைகளைத் திருப்பினால் ஒரு மிருகத்தின் தலையும் இன்னொன்றின் உடம்பும் சேரும். 1947-இல் கிக்ஸ் என்ற தானிய உணவுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அட்டையின் மேல்பகுதியைக் கிழித்து 15 சென்ட்டோடு அனுப்பினால் ‘அணுகுண்டு மோதிரம்’ தபாலில் வரும். இருட்டறையில் கண்ணருகே வைத்துப் பார்த்தால் உள்ளே பொறிப் பொறியாக மின்னும். அதற்குள் இருந்தது பொலோனியம் என்ற உண்மையான கதிரியக்கப் பொருள்! பொலோனியத்தின் வீரியம் 138 நாளில் பாதியாகிவிடும். ஆகவே இன்று அந்த மோதிரத்தைப் பெரும் தொகை கொடுத்து வாங்குகிறவருக்குப் பொறி எதுவும் தெரியாது.

இனி உங்கள் யானை. ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். ஒரு பேச்சுக்கு மொத்தம் 20 வகைப் பொம்மை, எல்லாம் சம எண்ணிக்கையில் கடைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் எது வந்தாலும் புதிது. பத்து வகை சேர்ந்த பிறகு, பிரிக்கும் பெட்டிகளில் பாதி வீண். 19 சேர்ந்துவிட்டால், கடைசி ஒன்றுக்காக மட்டும் சராசரியாக இன்னும் 20 பெட்டி பிரிக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் 20 வகையும் சேர ஏறக்குறைய 72 பெட்டி ஆகும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் மாதம் ஒரு டியூப் என்றால் ஆறு வருஷம். முதல் டியூபின்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த பையனுக்குக் கடைசி டியூபின்போது மீசை அரும்பியிருக்கும். உங்களுக்கு யானை கிடைக்காததும், ஒட்டகச்சிவிங்கி நான்கு கிடைத்ததும் விதியின் சதி என்று இத்தனை காலம் நினைத்திருப்பீர்கள். நிறுவனம் யானையைப் பதுக்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் சமமாக வந்தாலும் கடைசி ஒன்று இப்படித்தான் கண்ணாமூச்சி காட்டும்.

ஒரே வீடு தனியாகச் சேர்த்தால்தான் இந்த 72. இரண்டு வீடு கூட்டுச் சேர்ந்து, இரட்டை விழுந்ததை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து 144 பெட்டி தேவைப்படாது, வெகுவாகக் குறையும். தெருவே சேர்ந்தால் இன்னும் குறையும். தீப்பெட்டிப் படமும் தபால் தலையும் சேர்த்த பையன்களுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு யானை, பேரம் படியாவிட்டால் கூடவே இரண்டு கோலிக்குண்டு என்று முடித்திருப்பார்கள். உங்களிடம் உபரியாக மூன்று ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. உங்களைப் போலவே பரணிலிருந்து டின்னை இறக்கி, ஒட்டகச்சிவிங்கி இல்லையே என்று தவிக்கிற ஒருவர் மதுரையிலோ மைசூரிலோ இல்லாமலா போய்விடுவார்? பழம்பொருள் சேர்ப்பவர்களின் கூட்டங்களிலும் குழுக்களிலும் போய், விலைக்கு வேண்டாம், மாற்றிக்கொள்ளத் தயார் என்று சொல்லுங்கள். பணம் கொடுத்தால் யானை நாளைக்கே கூரியரில் வரும். அப்புறம் டின்னை மூடி மேலே வைத்துவிடுவீர்கள். மாற்றுவதென்றால் நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், உங்களுக்கு இப்போது அந்த நாலு பேர்தான் அதிகம் தேவை என்று படுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்ற எண்ணம் மூலையில் எங்காவது இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 1955-இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்தார் தானியப் பாக்கெட்டோடு கனடாவின் யூகான் பகுதியில் ஒரு சதுர அங்குல நிலத்துக்குப் பத்திரம் கொடுத்தார்கள். அச்சடித்தது 2 கோடியே 10 லட்சம் பத்திரம். பல வருஷம் கழித்து, “என் நிலம் என்ன விலை போகும்?” என்று கேட்டுக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. தனித்தனியாகப் பதிவு செய்யாத அந்தப் பத்திரங்களுக்குச் சட்டப்படி மதிப்பே கிடையாது. முழு நிலத்தையும் 37 டாலர் சொச்சம் வரிபாக்கிக்காக 1965-இல் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது.

இருக்கிற 17-ஐப் பத்திரமாக வையுங்கள். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும். தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இதையெல்லாம் தொடவே வேண்டாம், பழைய பிளாஸ்டிக் இளகிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் அவையும் பொம்மையின் மேல்பரப்பைக் கெடுக்கும். பழைய வேட்டித்துணி நல்லது. வெயில் படாத இடம் வேண்டும். பரண் வேண்டாம், நம் ஊர்க் கோடையில் ஓட்டுக்கடியில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் மனைவியிடமும் ஒரு வார்த்தை: அம்மா, அவர் 2,500 ரூபாய் செலவழிக்கப் போவதில்லை. அதற்காக டின்னைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, எனக்கு ஒரு சந்தேகம். நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டில் 17 வகையும் உங்களுடையது மட்டும் என்று எப்படி ஆனது? ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்திருந்தீர்களா, அல்லது கைக்கு எட்டியவர் எடுத்துக்கொண்டதா? கல்யாணமாகிப் போனபோது தங்கைகள் தங்கள் பங்கு என்று எதையாவது பெட்டியில் வைத்து எடுத்துப்போயிருக்க வாய்ப்பில்லையா? இணையத்துக்காரருக்குப் பதில் எழுதுமுன் இரண்டு பேருக்கும் போன் போட்டுக் கேளுங்கள். அண்ணனையும் விசாரியுங்கள், ஆனால் என் சந்தேகமெல்லாம் சின்னத் தங்கை மேல்தான்.