கப்பலா, தராசா, கண்ணா? தோட்டத்துப் பாட்டுக்காரரின் அரசியலைப் பதிவு செய்வது: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தப்பும் உறுமியும் அடித்துப் பாடியவர்களில் 80 வயதைத் தாண்டிய சிலர்தான் இப்போது மிச்சம். கும்மி, காவடிச்சிந்து, ஒப்பாரியோடு, கப்பல், தராசு, கண் என்ற தேர்தல் சின்னங்களுக்கு மேடைப் பாட்டும் பாடியவர்கள் அவர்கள். அந்தப் பாட்டுகளையும், அவற்றைப் பாடியவர்களின் அரசியல் மாறிவந்த தடத்தையும் பதிவு செய்ய முனைந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, நாட்டார் பாட்டுத் தொகுப்பில் பழக்கமுள்ள ஒருவர் பதில் சொல்கிறார்.

தாத்தாவுக்கு 84 வயது. "எந்த வருஷம் எந்தக் கட்சிக்குப் பாடினீங்க" என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குய்யா இப்ப" என்று எழுந்து போய்விடுகிறார். எப்படி ஆரம்பிப்பது, ஐயா?

தம்பி, கட்சியையும் கேட்காதீர்கள், வருடத்தையும் கேட்காதீர்கள். கட்சியைக் கேட்டால் சாட்சிக்கூண்டில் ஏற்றியதுபோல ஆகிவிடும். வருடத்தைக் கேட்டால் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்வார், பிறகு அந்தத் தப்பான எண்ணையே பிடித்துக்கொண்டு பேசுவார்.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை முதலில் எடுத்து வையுங்கள். "பெரிய அத்தை பிறக்குறதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஐந்து பிள்ளைகள் என்றால் ஐந்து அடையாளக்கல் கிடைத்தாயிற்று. கூடவே தோட்டத்து நினைவுகளைச் சேருங்கள். லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) முள்வேலிக்குள் அடைத்தது, கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், 1948க்கும் 1960க்கும் நடுவே. சிவப்பு ஐசிக்காரர்களிடம் (குடியுரிமை இல்லாதோரின் அடையாள அட்டை அது) வேலை பெர்மிட் கேட்டது 1969. மைக்கா (மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனம்) பங்கு வாங்கியது 1982ஐ ஒட்டி. பால் மரத்தை (ரப்பரை) சாய்த்துச் செம்பனை நட்டது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அதைப் பக்கத்து லயத்துக்காரர் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

காலைப் பசியாறிய பிறகு 45 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை போதும். முதல் நாள் தப்பு, தோல், அடி, குரு இவற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். இரண்டாம் நாள் பாட்டு. மூன்றாம் நாள் அரசியலை அவரே எடுப்பார்.

அண்ணே, போனில் எடுத்துப் பார்த்தோம். தப்பு அடி விழுந்ததும் அடுத்த வரி காணாமல் போகிறது. உறுமி சத்தமே வரவில்லை. போன் பழுதா?

பழுதில்லை. ஓங்கி ஓர் அடி விழுந்தால் போன் தானாகவே ஒலி அளவைத் தாழ்த்தும், அது பழைய நிலைக்கு வருவதற்குள் இரண்டு சொல் போய்விடும். உறுமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த இழுப்பை இரைச்சல் என்று நினைத்து, 'இரைச்சல் குறைப்பு' வசதி துடைத்து எறிகிறது. இரண்டையும் அணைக்க வழிவிடும் ஒலிப்பதிவுச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடமாக 45 நிமிடத்துக்கு ஏறக்குறைய 390 எம்பி பிடிக்கும், இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீடென்றால் மழை நாளில் போகவே வேண்டாம்.

ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை எடுங்கள். முதலில் வாய்ப்பாட்டாக, போன் ஒரு முழம் தள்ளி. பிறகு தப்போடு, 3 மீட்டர் தள்ளி. சொல் முதல் பதிவில் தெளிவாக இருக்கும், நடை இரண்டாவதில் தெரியும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். மற்றபடி அனுப்பினால் சுருக்கிவிடக்கூடும்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒரே மெட்டு, ஒரே பாட்டு. பழைய நோட்டில் "கப்பலுக்கு" என்று இருக்கிறது, இப்போது எங்கள் பாட்டுக்காரர் "தராசுக்கு" என்று பாடுகிறார். எப்போது கட்சி மாறினார்?

மாறவே இல்லை, அம்மா. இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

கப்பல், நாட்டை ஆண்ட பழைய கூட்டணியின் சின்னம். அதன் இடத்தில் வந்த தேசிய முன்னணி தராசோடு முதலில் நின்ற பொதுத்தேர்தல் 1974. ம.இ.கா. இரண்டிலும் இருந்தது. நம் தொகுதியில் அதே தேர்தலில் ஆளும் மாறினார், ம.இ.கா.வின் துன் சம்பந்தன் போய் அதே கட்சியின் சாமிவேலு வந்தார். ஆகவே பாட்டில் சின்னமும் பெயரும் ஒன்றாக மாறியிருந்தால், அது பாடியவரின் மனமாற்றத்துக்குச் சான்றாகாது. நோட்டீசு மாறியது, அவரும் சொல்லை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். 'கப்பலுக்கு', 'தராசுக்கு' இரண்டும் தாளத்தில் ஒரே அளவு இடம் பிடிப்பதால் மெட்டை ஒட்டுப்போடவும் தேவை இருந்திருக்காது.

'கண்ணுக்கு' என்று வந்தால்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கண், 1999இல் எதிரணியாகத் தோன்றிய கெஅடிலான் கட்சியின் சின்னம். அந்தச் சொல் ஓர் அட்சரம் குறைவு, அதை நிரப்ப "நம்ம" என்றோ "அந்த" என்றோ ஒன்றை இட்டிருப்பார், இல்லையென்றால் இழுத்துப் பாடுவார். அந்த இடைச்சொல்தான் மாற்றத்தின் தையல்.

2008 மார்ச் தேர்தலில் 34 ஆண்டுக்குப் பிறகு சாமிவேலு இங்கே தோற்றார். வென்ற டாக்டர் ஜெயக்குமார் சோசலிசக் கட்சிக்காரர், நின்றதோ கண் சின்னத்தில். 2013இலும் அப்படியே. 2018இல் தம் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று தோற்றார், கண் சின்னத்தில் நின்ற கேசவன் வென்றார். அந்தத் தேர்தலில் உங்கள் பாட்டுக்காரர் ஆளோடு நின்றாரா, சின்னத்தோடு போனாரா என்று கேளுங்கள். அவர் எதை நம்பினார் என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது.

பேராக்கில் இன்னொன்றும் உண்டு. ஈப்போ பக்கம் பாடியவர்களின் நோட்டில் முற்போக்குக் கட்சியின் சீனிவாசகம் சகோதரர்களும் வருவார்கள். டி.ஆர். இறந்தது 1969 மார்ச்சில், எஸ்.பி. 1975இல். டி.ஆரை உயிரோடிருப்பவராகப் பாடினால் பாட்டின் வயது தெரிந்துவிடுகிறது.

எங்கள் பாட்டுக்காரரின் அப்பா தொழிற்சங்கத்துக்காரர், சங்கப் பாட்டு பாடியவராம். அதில் ஒரு வரிகூட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மறந்துவிட்டார்களா?

மறக்கவைக்கப்பட்டது. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. அதே மாதத்தில் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் தடையானது. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். சங்கத்துக்காரர் வீட்டில் நோட்டுகளைக் கொளுத்தியிருந்தால் வியப்பதற்கில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தபோதும் பழைய வரிகளுக்கு வாய் திறக்கவில்லை. 1960 முதல் 2012 வரை, விசாரணையின்றி அடைத்து வைக்க வழிவிட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வேறு தலைக்கு மேல் இருந்தது.

வரியைத் தேடாமல் மெட்டைத் தேடுங்கள். தடைபட்ட சொல்லை விட்டுவிட்டு மெட்டை மட்டும் மாரியம்மன் தாலாட்டிலோ கும்மியிலோ ஒளித்து வைப்பதுண்டு. தாலாட்டில் பொருந்தாத நடைபோட்ட தாளம் வந்தால், "இதுக்கு வேற பாட்டு இருந்துச்சா பாட்டி?" என்று பெண்களிடம் கேளுங்கள். ஆண்களைவிட அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

காசு கொடுத்தவர் மேடையில் எல்லாம் பாடியிருக்கிறார். இப்படிக் கொள்கை இல்லாதவரைப் பதிவு செய்வதில் என்ன பயன்?

கோபம் புரிகிறது, ஆனால் தராசை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகரும் தோழர்களும் 1941இல் போருக்கு எதிராக இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஜூனில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்ததும் அதை விட்டுவிட்டுப் போரை ஆதரித்துப் பாடினார்கள். கம்யூனிஸ்டு கட்சி சொன்னது, அவர்கள் திரும்பினார்கள். அதே சீகர் 2007இல் ஸ்டாலினைக் கண்டித்துப் பாட்டு எழுதினார். அதை எழுது என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை. தெலங்கானாவின் பாடகர் கத்தர் நக்சல்பாரி மேடையில் பாடியவர். 1997இல் சுடப்பட்டு ஒரு குண்டை முதுகுத்தண்டில் சுமந்தபடியே வாழ்ந்தார். 2018இல்தான் வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். 2023இல் இறப்பதற்கு முந்தைய மாதம் காங்கிரஸ் மேடையில் நின்றார். பிறர் சொல்லித் திரும்பியதும் உண்டு, பட்டுத் திரும்பியதும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் பதிவு கெட்டுவிடும்.

அதனால் ஒவ்வொரு மேடைப் பாட்டுக்கும் நான்கு விவரம் குறியுங்கள்: யார் கூப்பிட்டார், என்ன கொடுத்தார் (காசா, அரிசியா, கள்ளா), எதிரில் யார் உட்கார்ந்திருந்தார், தொரையோ (தோட்ட மேலாளர்) கிராணியோ (கணக்கர்) இருந்தாரா. பிறகு ஐந்தாவதாக, சம்பளமில்லாமல் துக்க வீட்டிலும் திருவிழாவிலும் தானாகப் பாடியது எது என்று கேளுங்கள். எதைப் பாடுவதை நிறுத்தினார் என்பதையும் விடாதீர்கள். கூலிப் பாட்டைவிட விட்ட பாட்டு நிறையப் பேசும்.

பழைய கேசட் 6 இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் போடவே கூடாது, பிளேயர் வழியாக மற்றவற்றுக்கும் பரவும். நன்றாக இருப்பவற்றின் மேல்விளிம்புப் பற்களை உடைத்துவிடுங்கள், தெரியாமல் மேலே பதிவாகாது. சி-90 நாடா சி-60ஐவிட மெல்லியது, சட்டென்று அறும், அதைக் கடைசியில் எடுங்கள். ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டு, பிறகு கணினியில் ஏற்றுங்கள். நாடாவுக்குப் பின்னாலுள்ள சிறு பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மங்கும், கூட்டின் திருகாணியைக் கழற்றி நாடாவை வேறு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றலாம்.

1969லேயே ம.இ.கா.வை விட்டுவிட்டேன் என்கிறார். ஆனால் 1974 தேர்தல் கூட்ட நோட்டீசில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். இடது பத்தியில் அவர் சொன்னது, பதிவின் நிமிடக் கணக்கோடு. வலது பத்தியில் காகிதம் சொல்வது. அவரைத் திருத்தாதீர்கள், நோட்டீசை முகத்துக்கு நேரே நீட்டவும் வேண்டாம். பெயர் போடுவது ஏற்பாட்டாளர் வேலை, வராதவர் பெயரையும் போடுவார்கள். அன்றிரவு உறுமி அடித்தவர் யாராவது உயிரோடிருந்தால், தப்பு யார் கையில் இருந்தது என்று அவரிடம் கேளுங்கள்.