100 கெஜக் கணக்கு ஆபாசப் புத்தகத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பெட்டிக்கடையில், வார இதழ்களுக்குப் பின்னால் செருகி வைத்து ஆபாசப் புத்தகங்களை விற்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில் அப்படி ஒன்று அகப்பட்டது. கடைக்காரரிடம் கேட்டால், “என் கடை பள்ளியிலிருந்து 100 கெஜம் தாண்டித்தான் இருக்கிறது” என்கிறார். அது சரியா?
– ஆசிரியை ஒருவர், திண்டிவனம்.

பதில்: சரியல்ல. பள்ளி மதிலில் எழுதியிருக்கும் அந்த 100 கெஜம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலைப் பொருள்களுக்கு விதித்த தூரம். ஆபாசப் பொருளை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும் எந்தத் தெருவிலும் குற்றமே என்பதால், அதற்கு நாடாவைப் பிடித்து அளக்க வேண்டிய தேவையே இல்லை. சட்டம் பார்ப்பது வாங்குபவரின் வயதை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் சட்டத்தின் 295ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு அத்தகைய பொருளை விற்றாலும், வாடகைக்குக் கொடுத்தாலும், காட்டினாலும், கொடுக்க முயன்றாலும்கூட முதல் முறை 3 ஆண்டுகள் வரையும், மறுமுறை 7 ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்த வயது வரம்பு 20 ஆக இருந்தது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வயது வந்தவருக்கு விற்பதைத் தண்டிக்கும் 294ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கான அபராத வரம்பை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தியவர்கள், சிறுவர்களுக்கு விற்பதற்கான அபராதத்தை மட்டும் பழைய 2,000 ரூபாயிலேயே விட்டுவிட்டார்கள்.

கல்விக்கும் அறிவியலுக்கும் பயன்படும் நூல்களுக்குச் சட்டம் விலக்கு அளித்திருப்பதால், இனப்பெருக்க மண்டலப் பாடத்தின் படங்களை நீங்கள் தயக்கமின்றி நடத்தலாம்.

அந்த மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி விசாரிக்க வேண்டாம். அப்புத்தகத்தை வைத்திருந்ததற்காக மட்டும் அவன் இப்பிரிவுகளின்கீழ்க் குற்றவாளி ஆகிவிடமாட்டான். புத்தகத்தை ஓர் உறையிலிட்டு, தலைமையாசிரியர் வழியாகக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் இது. பாலியல் நோக்கத்தோடு யாரேனும் அவனுக்குக் கைப்பேசியில் படம் காட்டியதாகத் தெரியவந்தால், அது சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும். அதை அறிந்த பின்னும் தெரிவிக்காமல் இருப்பது உங்கள்மீதே வழக்காகும்.