ஓட்டைக் குடமும் ஒரு பாட்டில் சலைனும்: விபத்தில் ரத்தம் போவது பற்றிக் கேட்டவர்களுக்கு

மும்பையில் ஒரு பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் 19 ஆண்டுகளாக மயக்க மருத்துவராக வேலை செய்கிறேன். போன மாதம் மாட்டுங்காவில் நம் தமிழ் ஆட்கள் நடத்திய ரத்ததான முகாமில் பேசினேன். நேரம் போதாமல் பலர் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தாராவி, மளிகைக்கடைக்காரர்: எங்கள் கடை வாசலில் டெம்போ மோதி ஒருவர் விழுந்தார். வயிற்றில் அடி, முகம் வெளுத்துவிட்டது. 108 வண்டியில் வந்தவர்கள் ஒரே ஒரு பாட்டில் குளுக்கோஸ் மாட்டி, அதையும் மெதுவாக விட்டார்கள். ரத்தம் போகிற ஆளுக்கு இப்படியா என்று சண்டை போட்டேன். நான் செய்தது தவறா?

உங்கள் பதற்றத்தில் தவறில்லை அண்ணே. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள் நினைத்ததுதான். இரண்டு கையிலும் பெரிய ஊசி போடு, இரண்டு லிட்டரை வேகமாக விடு என்பார்கள். (அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் குளுக்கோஸ் இருக்காது, சலைன் என்கிற உப்புக்கரைசல்தான் இருக்கும்.)

உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் உடம்பு தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது, கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டிப்போய் ஓட்டையை மூடுகிறது. முதல் சில நிமிடங்களில் அந்தக் கட்டி, ஆறின பாலின் மேல் படிகிற ஏடு மாதிரி அவ்வளவு மெல்லியது. அந்த நேரத்தில் வேகமாகச் சலைனை விட்டு அழுத்தத்தை ஏற்றினால் ஏடு பிய்ந்துவிடும், மறுபடி ரத்தம் கொட்டும். சலைனுக்கு ஆக்சிஜனைச் சுமக்கவும் தெரியாது, ரத்தத்தை உறைய வைக்கவும் தெரியாது. இருக்கிற ரத்தத்தை நீர்த்துப்போக வைக்கும், உடம்பையும் குளிரச் செய்யும். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இதை முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் ஹூஸ்டனில். 1994-ல் முடிவு வந்தது. மார்பிலோ வயிற்றிலோ கத்தி, துப்பாக்கிக் காயம் பட்டு அழுத்தம் இறங்கிய 598 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல உடனே சலைன் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்வரை நிறுத்தி வைத்தார்கள். உடனே கொடுத்தவர்களில் 62 சதவீதம் பேரும், காத்திருந்தவர்களில் 70 சதவீதம் பேரும் பிழைத்து வீடு போனார்கள். அது குத்துக்காயத்துக்கான ஆய்வு, டெம்போ மோதியதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரத்தம் நிற்கிறவரை அளவோடு மட்டும் ஏற்று என்பது இப்போது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வழி. ஆள் பேசுகிறாரா, மேல் அழுத்தம் 80, 90 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தியேட்டருக்கு ஓட வேண்டும். தலையில் பலத்த அடி என்றால் மட்டும் கணக்கு மாறும். மூளைக்கு அழுத்தம் குறையக்கூடாது.

அந்த வண்டிக்காரர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அடுத்த முறை வண்டிக்கு வழி விலக்கிக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி.

சயான், நர்சிங் மாணவி: வெட்டுப்பட்டால் ரத்தம் தானாக உறையும் என்று படித்தேன். பெரிய விபத்தில் மட்டும் ஏன் உறைவதில்லை?

நல்ல கேள்வி அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மருத்துவமனையில், ரயிலிலிருந்து விழுந்த ஒரு பையனுக்கு நாலு லிட்டர் சலைன் ஏற்றினேன். தியேட்டரில் வயிற்றைத் திறந்ததும் வந்தது அரிசி கழுவின தண்ணீரில் குங்குமம் கலந்த மாதிரி ஒரு திரவம். தரையில் சிந்தியதைக் கவனித்தேன். வழக்கமாகச் சில நிமிடங்களில் ஜெல்லி மாதிரி கட்டிவிடும். அன்று அரை மணி நேரம் கழித்தும் தண்ணீராகவே ஓடியது. ஊசி குத்திய இடம், மூக்குக்குழாய் போட்ட இடம் எல்லாவற்றிலும் கசிவு. அந்தப் பையனைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு நான் ஏற்றிய சலைனும் ஒரு காரணம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முன்பு, நாம் நீர்க்கச் செய்வதால்தான் உறைதல் கெடுகிறது என்று நினைத்திருந்தார்கள். லண்டனில் மருத்துவர் கரிம் புரோகியும் அவருடைய கூட்டாளிகளும் விபத்தில் அடிபட்டு வந்த 1,088 பேரின் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து 2003-ல் எழுதினார்கள். நாலில் ஒருவருக்கு மருத்துவமனைக்குள் நுழையும்போதே உறைதல் கெட்டிருந்தது. அவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 11 சதவீதம். பலத்த அடியும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தால், கட்டிய ரத்தத்தைக் கரைக்கிற வேலையை உடம்பே முடுக்கிவிடுகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெளிவாகப் புரிந்தது.

அதோடு குளிர், ரத்தத்தில் ஏறும் அமிலம், உறையாமை என்று மூன்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். உடம்பு 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறைய வைக்கும் நொதிகள் மந்தமாகிவிடும். ஜூலை மாதம் நனைந்த துணியோடு வருகிறவரை ஏசி அறையில் அப்படியே படுக்க வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது புரியும். ஈரத்துணியைக் கத்தரித்து எடுத்துவிட்டுக் கம்பளி போர்த்துங்கள். ஒரு நர்ஸ் செய்கிற இந்த ஒரு காரியத்துக்கு நிகராக எங்களிடம் மருந்து கிடையாது. நாலாவதாகக் கால்சியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தப்பையில் உறையாமல் இருக்கச் சிட்ரேட் இருக்கும், அது நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பை ஏற ஏற நாங்கள் கால்சியமும் கொடுப்பது அதனால்தான்.

செம்பூர், வங்கி ஊழியர்: ரத்தத்தை நிறுத்த மலிவான ஊசி ஒன்று இருக்கிறதாமே? எல்லோருக்கும் போடுகிறார்களா?

டிரானெக்ஸாமிக் ஆசிட். ஜப்பானில் உதாகோ ஒகாமோட்டோவும் கணவர் ஷோசுகேவும் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. அது ரத்தத்தை உறைய வைக்காது. உறைந்த கட்டி கரையாமல் பார்த்துக்கொள்ளும். விபத்தில் இதற்குப் பலன் உண்டா என்று 40 நாடுகளில், 274 மருத்துவமனைகளில், 20,211 பேரிடம் பார்த்தது கிராஷ்-2 ஆய்வு. 2010-ல் முடிவு வந்தது. சாவு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. சின்ன எண்ணாகத் தெரியலாம். விலை குறைந்த ஒரு ஊசி நூற்றில் ஒருவருக்கு மேல் காப்பாற்றுகிறது என்றால் என் தொழிலில் அது பெரிய விஷயம். அந்த ஆய்வில் நம் நாட்டு நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் நேரம்தான் இதில் எல்லாம். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் பலன் அதிகம், மூன்று மணி நேரத்துக்குள் ஓரளவு. மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் கூடினார்கள்: போடாதவர்களில் 3.1 சதவீதம், போட்டவர்களில் 4.4. அடிபட்ட நேரத்தைக் கேட்டு எங்கள் ஆட்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். "ஏதோ சாயங்காலம்" என்று சொல்லாதீர்கள். கல்யாண் ஃபாஸ்ட் ரயில் போன பிறகா முன்பா என்று யோசித்தாவது சொல்லுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கலில் வருகிற தம்பி: கண் முன்னால் ஒருவர் விழுந்து கால் நசுங்கிவிட்டால் என்ன செய்வது? போலீஸ் தொந்தரவு வருமா?

முதலில் அழுத்து. கர்சீப், துண்டு, துப்பட்டா எது கிடைத்தாலும் காயத்தின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் முழு எடையும் போட்டு அழுத்து. நனைந்துவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதே, மேலேயே இன்னொரு துணி வை. கையிலோ காலிலோ பீய்ச்சி அடிக்கிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டை விட்டுத் தள்ளி, அகலமான துணியைச் சுற்றி முடிச்சுப் போடு. முடிச்சில் ஒரு குச்சியோ கரண்டிக் காம்போ செருகி, ரத்தம் நிற்கிறவரை முறுக்கு. வெறும் பெல்ட் பெரும்பாலும் போதாது. கயிறு, கம்பி வேண்டாம், தசையை அறுக்கும். கட்டிய நேரத்தைப் பேனாவால் அவர் கையிலேயே எழுது. தியேட்டர் வரை அவிழ்க்கக்கூடாது. துண்டான பாகம் கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வை. சதை மேல் நேராக ஐஸ் படக்கூடாது.

காப்பித்தூள், மஞ்சள்தூள் வைக்கவே வைக்காதீர்கள். எங்கள் பாட்டியும் வைத்தவர்தான். ஓடுகிற ரத்தத்தை அது நிறுத்தாது, நாங்கள் அரை மணி நேரம் கழுவ வேண்டியிருக்கும்.

போலீஸ் விஷயம்: சாலை விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் விதிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு வந்துவிட்டது. அங்கே பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

முலுண்ட், கல்லூரி மாணவி: எனக்கு பாம்பே குரூப் ரத்தம். எனக்கு விபத்து நடந்தால்?

இந்த வகை நம் ஊரில்தான் முதலில் தெரியவந்தது, 1952-ல், மருத்துவர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் சொன்னார்கள். ஓ வகைக்காரர்களிடம்கூட இருக்கிற ஹெச் என்கிற அடிப்படைப் பொருள் உன் சிவப்பணுக்களில் கிடையாது. அதனால் அவசரத்தில் எல்லோருக்கும் கொடுக்கிற ஓ ரத்தமும் உனக்கு ஆபத்து. மேலோட்டமாகச் சோதித்தால் ஓ என்றே காட்டும் என்பதுதான் கவலை. இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு.

மூன்று காரியம் செய். உன் வகையை எழுதிய அட்டையைப் பர்சில் வை, போன் பூட்டுத்திரையிலும் போடு. உன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் சோதனை செய், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. உடம்பு சரியாக இருந்தால் அரிய வகைக் கொடையாளர் பட்டியலில் பெயர் கொடு. உனக்கு வேண்டியதை உன் மாதிரி ஒருவர்தான் தர முடியும், நீயும் அவர்களுக்கு அப்படித்தான்.

குர்லா, பெயர் வேண்டாம் என்றவர்: ஆராய்ச்சி என்று சொல்லி, மயங்கிக் கிடக்கிற ஏழைகளைச் சோதனை எலி ஆக்குகிறீர்கள். நியாயமா?

உங்கள் கோபத்தை மதிக்கிறேன். மயங்கியவரால் சம்மதம் சொல்ல முடியாது. அதனால்தான் நெறிமுறைக் குழுவின் அனுமதி, உறவினர் சம்மதம், நினைவு வந்தபின் அவரிடமே கேட்பது என்று விதிகள் இருக்கின்றன. அவற்றை மீறுகிறவர்கள்மேல் நீங்கள் புகார் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆராய்ச்சி செய்யாமல் இருந்தால் நோயாளி பாதுகாப்பாக இருப்பார் என்று எண்ணாதீர்கள். லிட்டர் லிட்டராகச் சலைன், நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பார்க்காமல்தான் உலகமெல்லாம் ஓடியது. இன்னொன்று சொல்கிறேன். தொடை வழியாகப் பெருந்தமனிக்குள் ஒரு பலூனை ஏற்றி ஊதி, கீழே ஓடுகிற ரத்தத்தை நிறுத்துகிற முறை வந்தது. பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. பிரிட்டனில் 90 பேரிடம் முறைப்படி சோதித்து 2023-ல் சொன்னார்கள். பலூனும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 90 நாளுக்குள் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 42. அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால் நாங்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு அந்தப் பலூனை ஏற்றிக்கொண்டிருப்போம்.

கல்வா, ஒரு அக்கா: தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன். வயிற்றைத் தைக்காமல் பிளாஸ்டிக் ஒட்டி ஐசியுவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

உங்களுக்கு அன்றிரவே பதில் சொன்னேன் அக்கா, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கைவிடவில்லை. குளிர்ந்து, அமிலமேறி, ரத்தம் உறையாத உடம்பில் ஆறு மணி நேரம் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்தால், தையல் அழகாக இருக்கும், ஆள் போய்விடுவார். அதனால் கொட்டுகிற குழாயைக் கட்டி, ஈரல் பக்கம் மாப் எனப்படும் பெரிய துணிப்பஞ்சுகளை அடைத்து, மேலே மூடி, ஐசியுவில் சூடேற்றி, ரத்தமும் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் ஏறக்குறைய சரிசமமாகக் கொடுத்து, ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரும்ப உள்ளே போவார்கள். 1993-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அறுவை மருத்துவர்கள் ரொட்டோண்டோவும் ஷுவாபும் இதை எழுதினார்கள். மிக மோசமான காயம் பட்டவர்களில், இப்படிச் செய்த 13 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். ஒரே மூச்சில் முடித்த 9 பேரில் ஒருவர்தான்.

தம்பி விஷயத்தில் உள்ளே 5 மாப் வைத்ததாகச் சொன்னார்கள், பயந்துபோய் என்னிடம் கேட்டீர்கள். அந்த எண்ணைக் கேஸ் பேப்பரிலும் தியேட்டர் பலகையிலும் எழுதி வைப்பார்கள். இரண்டாவது ஆபரேஷனில் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்து, நர்ஸ் சத்தமாக எண்ணுவார். 5-ம் வெளியே வந்த பிறகுதான் பலகையில் இருந்த எண்ணை அழிப்பார்கள்.