எடை குறைந்த பின்னும் நாரி நோவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் கொழும்பில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை இப்போது 80 கிலோ. முன்பு எப்போதாவது வந்துபோன நாரி நோ, கடந்த மூன்று மாதங்களாகத் தினமும் வருகிறது. காலையில் எழும்போதும் வகுப்பில் நீண்ட நேரம் நின்ற பின்னும் கூடுதலாக இருக்கிறது. முன்னர் டைக்குளோபினாக் குளிசை போட்டதும் நின்றுவிடும். இப்போதும் அதைப் போடலாமா? கன்னியா வெந்நீரில் குளித்தால் சுகம் என்கிறார்கள், உண்மையா? கோணேசர் கோவிலுக்கு ஏறிப் போகலாமா, அல்லது ஓய்வாக இருப்பதுதான் நல்லதா?

பதில்: குளிசையைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது. உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் எழுத்தில் அனுமதித்தாலன்றி டைக்குளோபினாக், ஐபுபுரோபன், மெபெனமிக் அசிட், நப்ரோக்சன் ஆகிய எதையும் போட வேண்டாம். இவ்வகை மருந்துகள், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்தை உண்டாக்கத் தூண்டும் இரசாயனங்களையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. அதனால் புண் உண்டாகி, சிலருக்குக் குருதி கசியவும் சுவர் துளைபடவும் கூடும். சிறுகுடலை இரைப்பையுடன் இணைக்கும் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அந்த இணைப்பிலேயே புண் வரும் என்பதால் அவர்களுக்குத் தடை இன்னும் கடுமையானது. உங்களைப் போல் குழாய்போன்ற இரைப்பை எஞ்சியிருப்பவர்களுக்கு ஆபத்து அதைவிடக் குறைவு என்றாலும், தினசரிப் பழக்கமாக்குவது எவ்வகையிலும் தகாது. வாயால் விழுங்காமல் ஊசியாகவோ மலவாசல் வழியாகவோ எடுத்தால் இரைப்பைக்குத் தீங்கில்லை என்று நம் ஊரில் பலர் எண்ணுகிறார்கள். மருந்து குருதி வழியாகவே அங்கு போய்ச் சேர்கிறது, ஆகவே அந்த நம்பிக்கை சரியல்ல. தோலில் பூசும் டைக்குளோபினாக் களிம்பிலிருந்து குருதியில் சேரும் அளவு மிகக் குறைவு என்பதால், அதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுச் சில நாட்களுக்குப் பூசலாம்.

வலி தாங்க முடியாத நாளில் பனடோல் போதும். 500 மில்லிகிராம் குளிசைகள் இரண்டை ஆறு மணிநேர இடைவெளியில் எடுக்கலாம். ஆனால் நீங்கள் இப்போது மிகக் குறைவாகச் சாப்பிடுவதால், ஒரு நாளில் மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல், அதாவது ஆறு குளிசைகளுக்குள் நிறுத்திக்கொள்வது ஈரலுக்குப் பாதுகாப்பு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் உண்டு. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, வலி ஏன் வந்தது என்பதற்கு வருவோம். இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பின் பெரும்பாலானோருக்கு முதுகுவலி குறையவே செய்கிறது. அதனால் உங்களுக்குக் கூடியிருப்பது உங்களை ஏமாற்றியிருக்கும். காரணம் பெரும்பாலும் தசையில் இருக்கிறது. இவ்வளவு விரைவாக எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் இறங்குவதில்லை. குறையும் எடையில் ஏறத்தாழக் கால் பங்குவரை தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசுவாக இருக்கக்கூடும். உங்கள் 32 கிலோவில் ஏழெட்டுக் கிலோ அப்படிப் போயிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோணியின் பாய்மரத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் போல முள்ளந்தண்டை வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள் பிடித்திருக்கின்றன. அவை மெலிந்தபின், பாரம் குறைந்திருந்தாலும் பிடிமானம் போதாமல் போகிறது. இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. பல ஆண்டுகளாக முன்னே தள்ளிய வயிற்றைச் சமப்படுத்த நீங்கள் நாரியை உள்வளைத்து, தோள்களைப் பின்னே சாய்த்து நின்றிருப்பீர்கள். வயிறு போய்விட்டது, அந்த நிலை மட்டும் போகவில்லை. வகுப்பில் நிற்கும்போது வலி கூடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. அடிவயிற்றில் தோல் தொங்குமானால் அதுவும் நாரியை முன்னோக்கி இழுக்கும். இறுக்கமான உள்ளாடை ஒன்று அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். பிட்டத்துக் கொழுப்பு கரைந்தபின், பலகைக் கதிரையில் இருக்கும்போது வால் எலும்பு நோவதாகச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு மெத்தையே மருந்து.

தசையைத் திரும்பக் கட்ட இரண்டு வேண்டும்: புரதம், பாரம். புரதம் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம்வரை தேவை. உங்கள் இரைப்பையில் ஒரு வேளைக்குக் கொள்வதோ கையளவு. அதனால் தட்டில் மீனும் முட்டையும் முதலில், மரக்கறி அடுத்து, சோறு கடைசியில் என்ற ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். காலையில் இரண்டு முட்டையில் 12 கிராம், மத்தியானமும் இரவும் உள்ளங்கையளவு சூரையிலோ பாரையிலோ ஏறத்தாழ 35, இடையில் ஒரு கிண்ணம் எருமைத் தயிரில் ஏழெட்டு, ஒரு குவளைப் பாலில் இன்னொரு எட்டு என்று கூட்டினால் 60ஐத் தாண்டிவிடும். திருகோணமலையில் மீனுக்கும் தயிருக்கும் குறைவில்லை. தயிர்ச்சட்டியோடு வரும் பாணியைத்தான் கைவிட வேண்டியிருக்கும். மீன் சாப்பிடாதவர்கள் பருப்பு, கௌபி, பயறு, பால்மா ஆகியவற்றால் இந்த அளவை எட்டலாம், ஆனால் கொள்ளளவு கூடுதலாக வேண்டும் என்பதால் வைத்தியரிடம் கேட்டுப் புரத மாவையும் சேர்ப்பது இலகு.

பயிற்சியை, ஒரு கதிரையிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடியில்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் முன்விளிம்பில் இருந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே ஊன்றி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாரியை வளைக்காமல் இடுப்பில் மடிந்து எழும்புங்கள். பின்னர் மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்கி இருங்கள். தசையைக் கட்டுவதில் இறங்கும் பாதிக்குப் பெரும் பங்கு இருப்பதால், தொப்பென்று விழக்கூடாது. எட்டு முறை, சிறு ஓய்வு, மறுபடி எட்டு. இரண்டாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, பிட்டத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குவது. மூன்றாவது, கையையும் முழங்காலையும் ஊன்றி நின்று, ஒரு பக்கக் கையையும் எதிர்ப்பக்கக் காலையும் ஒரே நேரத்தில் நீட்டுவது; முதுகில் ஒரு தேநீர்க் குவளையை வைத்தாலும் சிந்தாது எனும்படி அசையாமல் நீட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாட்கள் போதும். இரண்டு வாரங்களில் இவை இலகுவாகிவிட்டால் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்புங்கள். பாரத்தைக் கூட்டாமல் அதையே மாதக்கணக்கில் செய்பவர்களுக்குத் தசை வளர்வதில்லை. பயிற்சியின் பின் சற்று நோவது இயல்பு. அந்த நோவு மறுநாள் காலையில் அடங்கியிருந்தால் தொடரலாம், அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். எட்டு மாதங்கள் கடந்துவிட்டதால் வயிற்றுத் தழும்புகளைப் பற்றிப் பொதுவாக அஞ்சத் தேவையில்லை. தழும்பருகில் இருமும்போது புடைப்பு ஏதும் தெரிந்தால் மட்டும் முதலில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நடையும் வேண்டும். டச்சுக்குடாப் பக்கத்துச் சமதரைப் பாதை நல்லது. கடற்கரை மணலில், நீரோரச் சரிவில் ஒரே திசையாக நெடுந்தூரம் நடந்தால் ஒரு கால் உயர்ந்தும் மறுகால் தாழ்ந்தும் இருப்பதால் இடுப்பு சாய்ந்து வலி கூடும். மே முதல் செப்டெம்பர்வரை உப்புவெளிக் கடல் அமைதியாக இருக்கும்போது, துணையோடு மார்பளவு நீரில் முன்னும் பின்னும் நடப்பது நாரிக்கு நான் அறிந்த மிகச் சுகமான பயிற்சிகளுள் ஒன்று. வாடைக்காற்றுக் காலத்தில் அதை நினைக்கவே வேண்டாம்.

வீட்டில், திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவும் பத்து நிமிடம், ஒரு மணிநேரப் பாடத்தைவிட நாரியைக் கூடுதலாக வருத்தும். மேசை விளிம்பில் பூட்டும் திருவலைக்கு மாறுங்கள். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாமல், முதலில் பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். கரும்பலகை முன் நிற்கையில் ஒரு காலைத் தாழ்வான படியில் மாறி மாறி வைத்தால் உள்வளைவு தளரும். பயிற்சிக் கொப்பிகளை ஒரே தோளில் மாட்டிச் செல்ல வேண்டாம். நாரிப் பட்டியை நீண்ட பயணத்திற்கு மட்டும் அணியுங்கள். கொழும்புக்குக் கிளினிக் போகும் நாளில் பஸ் நிற்கும் இடங்களிலெல்லாம், கபறணையிலோ தம்புள்ளையிலோ, இறங்கி இரண்டு நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

கன்னியா வெந்நீர் தசைப்பிடிப்பைச் சிறிது நேரத்திற்குத் தளர்த்தும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அங்கு மூழ்கிக் குளிப்பதில்லை, குனிந்து வாளியால் அள்ளி ஊற்றுகிறோம் என்பதால், நாரி நோவோடு போகிறவர் அள்ளும் வேலையை உடன் வருபவரிடம் கொடுத்துவிட வேண்டும். எடை குறைந்தபின் இரத்த அழுத்தமும் பலருக்கு இறங்கிவிடுகிறது. அழுத்தக் குளிசையின் பழைய அளவையே தொடர்பவர்களுக்குச் சூட்டில் தலைசுற்றும். வீட்டில் சுடுநீர்ப் பையை இருபது நிமிடம் வைத்தாலும் அதே பலன்தான். எண்ணெய் பூசி மெல்லத் தேய்ப்பதில் தீங்கில்லை, முதுகை முறித்து நெட்டி எடுக்கும் வைத்தியத்துக்கு மட்டும் உடன்பட வேண்டாம். உங்கள் எலும்பின் நிலை இன்னும் தெரியாது.

எலும்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வகைச் சத்திரசிகிச்சைக்குப் பின் எலும்பின் அடர்த்தி குறைவது நன்கு அறியப்பட்டது, மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கு அது இரட்டைச் சுமை. வெயில் கொளுத்தும் ஊரில் இருப்பதால் விற்றமின் டி குறையாது என்று எண்ண முடியாது. குடையும் நீண்ட கையும் வகுப்பறையும் வெயிலைத் தடுத்துவிடுகின்றன. இந்த விற்றமின் குறைந்தால் எலும்பும் தசையும் சேர்ந்து நோகும், அந்த நோவை நாரிப்பிடிப்பு என்றே பலரும் நினைத்துக்கொள்வார்கள். விற்றமின் டி, கல்சியம், பாராதைரொயிட் ஹோர்மோன், விற்றமின் பி 12, இரும்புச்சத்து ஆகியவற்றுக்கான குருதிப் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். உணவும் குளிசையும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கல்சியம் தேவை. கல்சியம் காபனேட்டைவிடக் கல்சியம் சிட்ரேட் உங்களுக்கு உகந்தது, ஏனெனில் அமிலம் குறைந்த இரைப்பையிலும் அது சேரும். ஒரே தடவையில் 500 முதல் 600 மில்லிகிராமுக்கு மேல் எடுக்காமல் பிரித்து எடுங்கள். இரும்புச்சத்துக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் குறைந்தது இரண்டு மணிநேர இடைவெளி விடுங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் கல்சியம் தரும், நன்றாக மென்றால்.

எல்லா முதுகுவலியும் முதுகிலிருந்து வருவதில்லை. விரைவாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவது சாதாரணம். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே தொடங்கி வலது தோள்பட்டைப் பக்கம் ஏறும் வலி, வயிற்றுப் பிரட்டலோடு வந்தால், வயிற்று ஸ்கான் எடுக்க வேண்டும். மேல்வயிற்றிலிருந்து நேரே முதுகைத் துளைப்பதுபோல் வரும் கடுமையான வலி கணையத்தினுடையதாக இருக்கலாம். விலாப்புறத்தில் தொடங்கிக் கவட்டை நோக்கி இறங்கும் வலி சிறுநீரகக் கல்லை நினைவூட்டும். நம் வெக்கையில், சிறிது சிறிதாக மட்டுமே தண்ணீர் குடிக்க முடிந்தவர்களுக்கு அது வரக் காரணம் உண்டு. நீங்கள் விவரித்திருப்பது, அசைவாலும் நிற்பதாலும் கூடும் வலி என்பதால், இவற்றின் சாயலில் இல்லை.

சில அறிகுறிகள் தோன்றினால் கொழும்புக் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் அன்றே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போதல் அல்லது தெரியாமலே கழிந்துவிடுதல், தொடையிடுக்கிலும் மலவாசலைச் சுற்றியும் மரத்துப்போதல், காலில் பலமிழத்தல், காய்ச்சலோடு முதுகுவலி, சிறு தடுக்கலுக்குப் பின்னும் ஓரிடத்தில் குத்தும் வலி ஆகியவை அவை. நாட்கணக்கில் வாந்தி எடுத்து, அதனோடு கால் விறைத்து நடை தள்ளாடினாலும் அப்படியே. அது விற்றமின் பி 1 குறைவாக இருக்கக்கூடும், அதற்கு ஊசி தாமதமின்றிப் போட வேண்டும்.

கோணேசரிடம் தாராளமாகப் போங்கள். ஓய்வெடுத்துப் படுத்திருப்பது இருக்கிற தசையையும் கரைத்துவிடும். முதல் சில முறை கோட்டை வாசலிலிருந்து நடக்காமல், வாகனம் போகக்கூடிய தூரம்வரை போய், மீதியை மட்டும் ஏறுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் போனால் கோட்டை மான்களும் நிழலில் நிற்கும், உங்களுக்கும் தலைசுற்றாது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் நாரி அதிர்கிறது, ஆகவே இறங்குகையில் மட்டும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியும் உணவும் சரியாக நடந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வைத்தியரைப் பார்த்து, எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ தேவையா என்பதை அப்போது முடிவுசெய்யலாம். அதற்கு முன் அவசரப்பட்டுப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது நீங்கள் விழுங்கும் எல்லாவற்றையும், விற்றமின் குளிசை, பார்மசியில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்துத் தூள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள்.