ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு முன்மொழியப்பட்ட ஒருவரின் பேச்சு பிடிக்கவில்லை என்றால், எம்.பி.க்கள் அவரை மட்டும் நிராகரிக்க முடியுமா?

சட்டப்படி முடியாது. ஐரோப்பிய நாடாளுமன்றம் மொத்த ஆணையத்தையும்தான் ஏற்கவோ நிராகரிக்கவோ முடியும். ஆனால் அந்த முரட்டு ஆயுதமே போதும் என்று 2004-ல் தெரிந்தது.

இத்தாலி முன்மொழிந்து, நீதித் துறை ஒதுக்கப்பட்டவர் ரோக்கோ புத்திலியோனே. அக்டோபரில் எம்.பி.க்கள் முன் நடந்த நேர்காணலில், ஓரினச்சேர்க்கையைத் தான் பாவமாகக் கருதலாம், அது குற்றம் என்று சொல்லாதவரை அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். வாதம் சாமர்த்தியமானதுதான். ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் பொறுப்பே அவரிடம் வரவிருந்தது! அவரை விசாரித்த நாடாளுமன்றக் குழுவில் 27-26, ஒரே ஓட்டில் தோற்றார்.

அந்த ஓட்டு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆணையத் தலைவராகவிருந்த பரோசோ முதலில் அசைந்து கொடுக்கவில்லை. முழு அவையிலும் தோல்வி நிச்சயம் என்றானதும், அக்டோபர் 27 அன்று, வாக்கெடுப்புக்குச் சற்று முன் தன் அணியையே திரும்பப் பெற்றார். புத்திலியோனேவுக்குப் பதில் பிராங்கோ பிராத்தினி வந்தார்; நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது.